மேட்டுப் பாத்திக்கு அடியில் என்ன போடுவது?

மதுரை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுத் தோட்டம் போடுவோர் பலர் இப்போது செங்கல் அல்லது ஹாலோ பிளாக் கொண்டு கரை கட்டி, அதற்குள் மண் நிரப்பிக் காய்கறி பயிரிடுகிறார்கள். மேட்டுப் பாத்தி நமக்குப் புதிதல்ல. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றங்காலுக்கு ஒரு மீட்டர் அகலத்தில் அரை அடி உயரம் மண்ணைக் கூட்டிப் பாத்தி பிடிப்பது நம் விவசாயிகள் தொன்றுதொட்டுச் செய்து வருவதுதான். அந்த நாற்றங்காலுக்கு அடியில் யாரும் எதையும் விரிப்பதில்லை. நன்றாகக் கொத்திய நிலத்தின் மேலேயே மண்ணை ஏற்றுகிறார்கள்.

கரை கட்டிய பாத்தி வந்ததும், "அடியில் என்ன போடுவது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஒருவர் முக்கால் ஜல்லி என்கிறார், இன்னொருவர் பாலிதீன் தாள் என்கிறார், மூன்றாமவர் தேங்காய் மட்டை என்கிறார். கேட்டவர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு விடுகிறார். பாத்தியின் அடியில் போனது பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் தக்காளி வாடி மஞ்சளாகும்போது விதையின் மேலும் உரத்தின் மேலும்தான் பழி விழுகிறது.

சுருக்கமான விடை இதுதான். தரையில் அமைக்கும் பாத்திக்கு அடியில் பெரும்பாலும் ஒன்றும் தேவையில்லை. கோரை, பெருச்சாளி, அதிவேக நீர்க்கசிவு என்று குறிப்பிட்ட தொல்லை இருந்தால் அதற்குரிய பொருளை மட்டும் போட வேண்டும். எந்தத் தொல்லை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பொருளை வாங்குவது வீண் செலவு.

முதலில் குழி வெட்டிப் பாருங்கள்

பாத்தி அமைக்க இருக்கும் இடத்தில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்து நீரை நிரப்புங்கள். அது முழுதும் இறங்கிய பின் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் நீர் காய்ந்த மண்ணை நனைப்பதற்கே போய்விடும் என்பதால் அந்தக் கணக்கு உதவாது. இரண்டாம் நீர் ஒன்றிரண்டு மணியில் மறைந்தால் ஈரம் தங்காத நிலம். அரை நாளுக்குள் இறங்கினால் கவலை இல்லை. மறுநாளும் நின்றால் வடிகால் குறையுள்ள நிலம்.

மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துச் செம்மண்ணில் நீர் பொதுவாக எளிதில் இறங்கும். திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசலில் கதை வேறு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண், முதல் மழையை வெடிப்பு வழியே விழுங்கி, பிறகு உப்பி, வாயை மூடிக்கொள்ளும். அதன் பின் பெய்யும் மழை மேலேயே நிற்கும். மதுரையின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர்தான் என்றாலும் அதில் பெரும்பங்கு ஒரு சில மாதங்களில், சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. மேட்டுப் பாத்தியின் உண்மையான பயன் அந்த நாட்களில்தான் தெரியும்.

நகருக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. உலகனேரி, தல்லாகுளம் என்று பெயரிலேயே ஏரியும் குளமும் தங்கியிருக்கும் பகுதிகள் பல. பழைய நீர்நிலைகளை மேவி மனைகளாக்கிய இடங்களில் மேலே கட்டட இடிபாடும் காரையும், கீழே கண்மாய்க் களியும் இருக்கும். காரைத்துண்டுகள் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அங்கெல்லாம் குழி வெட்டும்போதே இடிபாட்டைப் பொறுக்கி வெளியே கொட்டிவிட வேண்டும். "அதையே அடியில் போட்டு மூடிவிட்டால் வடிகாலுக்கு ஆகுமே" என்று நினைப்பது தவறு. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

ஜல்லி நீரை வடிக்காது

பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு, பாத்திக்கு அடியில் ஜல்லி என்பது பரவலான பழக்கம். ஜல்லிக் குவியலின் மேல் நீரை ஊற்றினால் சடசடவென்று ஓடிவிடுகிறதே, மண்ணுக்கு அடியில் இருந்தாலும் அப்படித்தானே செய்யும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மண்ணில் நீர் நடந்துகொள்ளும் முறை அப்படியில்லை.

மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய துளைகள், விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்துக் கொள்வதுபோல நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜல்லிக்கு இடையே உள்ள இடைவெளிகள் பெரியவை; அவற்றுக்கு நீரை ஈர்க்கும் சக்தி இல்லை. ஆகவே மேலேயிருந்து இறங்கி வரும் நீர் ஜல்லியின் விளிம்பில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள மண் சொதசொதவென்று முழுதும் நிறைந்த பிறகுதான் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ட்னர் என்ற மண்ணியல் அறிஞர் 1950களின் இறுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணை அடுக்கி, நீர் இறங்குவதைத் திரைப்படமாகவே எடுத்துக் காட்டினார். நுண்மண்ணுக்கு அடியில் பருமணல் அடுக்கு இருந்தால் நீர் அந்த எல்லையில் தயங்கி நிற்பதை அதில் கண்ணாலேயே காணலாம்.

வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒரு நீள் சதுர ஸ்பாஞ்சு போதும். அதை நீரில் முழுதும் ஊறவைத்து, படுக்கை வாட்டத்தில் உள்ளங்கையில் ஏந்துங்கள். சொட்டுவது நின்றதும் ஒரு ஜல்லித் தட்டின் மேல் அதே வாட்டத்தில் வையுங்கள். ஜல்லியைத் தொட்டதால் பெரிதாக எதுவும் வடியாது. இப்போது அதே ஸ்பாஞ்சை எடுத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி நீர் கொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதன் உயரம்தான் மாறியது. பாத்தியிலும் வடிகாலைக் கூட்டுவது மண்ணின் உயரம். அடியில் கிடக்கும் கல் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடி உயரக் கரைக்குள் 4 அங்குலம் ஜல்லி போட்டால் மண்ணுக்குக் கிடைப்பது 8 அங்குலம். களிப்பு மிக்க மண்ணானால் அதில் கீழ்ப்பகுதி 3, 4 அங்குலம் மழைக்காலத்தில் காற்றின்றிச் சேறாகவே கிடக்கும். வேர் மூச்சுவிட மீதி இருப்பது ஒரு சாண்கூட இல்லை. நாற்றழுகல் நோயும் வேரழுகலும் இப்படிப்பட்ட ஈரத்தைத்தான் தேடி வருகின்றன. ஜல்லி வாங்கிய காசையும் கொடுத்து, நோயையும் வாங்கிக் கொண்டதாக ஆகிறது. போதாததற்கு, ஓரிரு மழைக்காலத்தில் நுண்மண் இறங்கி ஜல்லியின் சந்துகளை அடைத்து விடுகிறது.

அப்படியானால் நீர் நிற்கும் நிலத்தில் என்ன செய்வது? கரையை ஒன்றரை அடிக்கு உயர்த்துங்கள். மண் நிரப்புமுன் அடித்தரையைக் கடப்பாரையால் அரை அடி ஆழம் நெம்பி உடைத்து, வாய்க்கால் பக்கம் சற்றே சரிவாக்குங்கள். மெழுகியதுபோல இறுகிய தரையின் மேல் புது மண்ணைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாமல் இடையில் நீர் தேங்கும். நெம்பிய மண்ணோடு நிரப்பும் மண்ணில் இரண்டு கூடை கலந்து விட்டால் இந்த எல்லைக்கோடு மறைந்துவிடும். பாத்தியைச் சுற்றி முக்கால் அடி ஆழத்தில் ஒரு வடிகால் எடுத்துத் தெருச் சாக்கடையிலோ தென்னம் பாத்தியிலோ சேர்த்துவிட வேண்டும். அந்த வடிகாலில் வேண்டுமானால் ஜல்லி போடலாம். நீர் வெளியேற ஒரு வாய் இருந்தால்தான் ஜல்லிக்கு வேலை உண்டு.

பாலிதீனும் பிளெக்ஸும்

தரைப் பாத்திக்கு அடியில் பாலிதீன் தாள் அறவே வேண்டாம். நீர் நிற்கும் என்பது ஒரு காரணம். மதுரைச் சமவெளிக்கு அதைவிடப் பெரிய காரணம் உப்பு.

நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு கலந்ததே. பாத்திக்கு ஊற்றும் நீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. உப்பு மட்டும் மண்ணில் மிஞ்சுகிறது. அடி திறந்த பாத்தியில் ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே கொண்டு போய்விடும். அடைத்த பாத்தியில் அது போக வழியில்லை. இரண்டு, மூன்று ஆண்டில் கரையின் ஓரம் வெள்ளை பூக்கும், அவரை இலையின் நுனி கருகும், முளைப்பு குறையும். அதற்கு மேல் உரம் இட இட நிலைமை மோசமாகுமே தவிர சீராகாது. இவ்வகைப் பாத்தியைத் திருத்த ஒரே வழி மண்ணை வெளியே எடுத்துத் தாளைக் கிழித்தெறிவதுதான். பாத்தி போடுமுன் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்வது நலம்.

பிளெக்ஸ் பேனர் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம் என்று எதற்கும் பேனர் வைக்கும் ஊர் இது. விழா முடிந்ததும் அது கூரைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போகிறது. இப்போது காய்கறிப் பாத்திக்கும் வருகிறது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம். பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி. அது வளைந்து கொடுப்பதற்காகத் தாலேட் போன்ற ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணையாதவை, நாளடைவில் கசிந்து வெளியேறக் கூடியவை. பி.வி.சி. பொருட்கள் சிலவற்றில் ஈயக் கலவையும் உண்டு. குழந்தைகள் தின்னும் கீரைக்கு அடியில் இதை வைக்கத் தேவையே இல்லை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளும் இதே வரிசையில் தள்ளப்பட வேண்டியவை. பூச்சிமருந்து வந்த பைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. உரச் சாக்கு, சிமென்ட் சாக்கு போன்ற பிளாஸ்டிக் சாக்குகள் வெயில் பட்டால் ஒரு வருடத்தில் நாராக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும்; பிறகு பொறுக்கி மாளாது. சணல் சாக்கு தவறில்லை. ஒரு போகத்தில் மக்கி மண்ணாகிவிடும்.

கோரைக்கும் புல்லுக்கும்

களையை அடக்க அட்டைப்பெட்டியோ செய்தித்தாளோ விரிப்பது நல்ல முறைதான், ஆனால் எல்லாக் களைக்கும் அல்ல. பார்த்தீனியம், குப்பைக்கீரை, சாரணை போன்று விதையில் முளைப்பவை, எட்டுப் பத்துத் தாள் கனத்தில், ஓரங்கள் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து மண்ணிட்டால் இருட்டில் மடிந்துபோகும். தாளும் சில மாதங்களில் மக்கிவிடும். வழவழப்பான வண்ணத்தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள அட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும்.

கோரை இதற்கெல்லாம் மசியாது. அதன் ஊசிமுனைத் தளிர் பாலிதீன் தாளையே குத்திக்கொண்டு மேலே வரும்; நனைந்த காகிதம் எம்மாத்திரம்? கோரையும் அருகும் உள்ள இடத்தில் சித்திரை, வைகாசியில் ஒரு அடி ஆழம் கொத்தி, கிழங்கையும் வேர்த்தண்டையும் பொறுக்கி, புரட்டிய மண்ணை வெயிலில் காயவிட வேண்டும். உலர்ந்த கோரைக்கிழங்கு முளைக்காது. மதுரை வெயிலுக்கு இது ஒன்றாவது பயன். இரண்டு வார இடைவெளியில் மறுபடி ஒருமுறை புரட்டினால் தப்பியவையும் போகும். இதைச் செய்யாமல் மேலே எத்தனை விரித்தாலும் அடுத்த போகத்தில் கோரை முகம் காட்டும்.

காகிதமும் அட்டையும் கறையானுக்கு உணவு என்பதையும் மறக்கலாகாது. பசுஞ்செடிக்கு அவ்வளவாகத் தீங்கில்லை என்றாலும், வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்தியில் அட்டையைப் போட்டால் கறையானுக்கு வாசற்படி கட்டிக் கொடுத்ததாகும். மரக்கதவு, நிலை, ஜன்னல் உள்ள சுவரிலிருந்து குறைந்தது இரண்டு அடி விட்டுப் பாத்தி அமைப்பதும், அங்கே காகிதத்தைத் தவிர்ப்பதும் உசிதம். அடிமண்ணில் சதுர மீட்டருக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கைக் கலப்பது கறையானையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் ஓரளவு குறைக்கும்.

பெருச்சாளி

சாக்கடை ஓர வீடுகளில் பெருச்சாளி அடியிலிருந்து வளை தோண்டி வந்து சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளியை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். இங்கே மட்டும் அடியில் கம்பி வலை போடுவது அவசியம். அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்கி, கரையின் உட்புறம் அரை அடி மேலேறும்படி மடித்துப் பதிக்க வேண்டும். கோழிவலை மலிவு; ஆனால் மெல்லிய கம்பி என்பதால் ஈரமண்ணில் சீக்கிரம் துருப்பிடித்து இற்றுவிடும், பெருச்சாளியும் கடித்து வழி செய்துகொள்ளும். வலை வழியே நீரும் நுண்வேரும் மண்புழுவும் தடையின்றிப் போகும்.

மரத்தின் வேரைத் தடுக்க வலையோ துணியோ நம்பத் தகுந்ததல்ல. உரமும் ஈரமும் உள்ள பாத்தியை நோக்கி வேம்பும் தென்னையும் கீழிருந்து வேரை அனுப்பும். தென்னைக்கு உரமிடச் சொல்லும் 1.8 மீட்டர் வட்டத்துக்குள் பாத்தி வைத்தால் காய்கறிக்கு இடும் உரத்தில் பெரும்பங்கு தென்னைக்கே. தள்ளி வைப்பதுதான் வழி.

ஈரம் தங்காத மண்ணில் மட்டை

மணல் மிகுந்த செம்மண்ணில் சிக்கல் நேர் எதிரானது. காலையில் ஊற்றிய நீர் மாலையில் இருக்காது. இங்கே அடியில் போடத் தக்க சிறந்த பொருள் தேங்காய் மட்டை. தென்னந்தோப்பில் வரிசைகளுக்கு இடையே மட்டை புதைக்கும் முறை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படுவது. உலர்ந்த மட்டை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். பல ஆண்டுகள் மக்காமல் பயன் தரும். ஒரு வாரம் நீரில் ஊறப்போட்டுத் துவர் நீரை வடித்துவிட்டு, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு நெருக்கமாக ஒரே அடுக்காக வைத்து மண்ணிட வேண்டும். கரிசலில் இதையே செய்தால் கெடுதல். அங்கே நீரைப் பிடிக்க ஆள் தேவையில்லை.

சோழவந்தான் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் வாழைத்தண்டையும் துண்டாக்கி இவ்வாறு போடலாம். சீக்கிரம் மக்கும், சாம்பல் சத்தும் சேரும். மக்காத தென்னை நார்க்கழிவை அப்படியே கொட்ட வேண்டாம். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமச்சத்து நூறு பங்குக்கு மேல். மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் இது ஏறத்தாழ 24 பங்காகக் குறைகிறது.

மேல்நாட்டு முறை என்று சொல்லிச் சீமைக்கருவேல் கட்டைகளை அடியில் அடுக்கி மண் மூடுவோரும் உண்டு. குளிர்நாட்டில் அது பொருந்தலாம். நம் ஊரில் கட்டையைக் கறையானே முதலில் கண்டுபிடிக்கும். விறகாக்கி எரித்துச் சாம்பலைக் குப்பையில் சேர்ப்பது மேல்.

மாடியில் கட்டும் பாத்தி

மேலே சொன்னவற்றில் பாதி மாடிக்குப் பொருந்தாது. இங்கே அடியில் கட்டாயம் விரிப்பு வேண்டும். ஏனெனில் காக்க வேண்டியது தளம். அதற்கு முன் எடையைப் பாருங்கள். ஈரமண் ஒரு கன மீட்டர் 1,700 கிலோவுக்குக் குறையாது. ஒரு அடி உயரம் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதி வைத்துள்ள சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. மண் மட்டும் கொட்டிய பாத்தி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மரக்கட்டை அடுக்கிச் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியில் பாத்தியே கூடாது. கான்கிரீட் தளத்திலும் பொறியாளரைக் கேட்டு, உத்திரம் ஓடும் இடத்தில், மக்கிய நார்க்கழிவு பாதிக்கு மேல் கலந்த இலேசான கலவையை முக்கால் அடிக்கு மிகாமல் நிரப்ப வேண்டும்.

தளத்தின் மேல் செங்கல் வரிசை, அதன் மேல் பலகை அல்லது கடப்பா கல், அதன் மேல் கனமான சில்பாலின் விரிப்பு என்ற முறையில் அமைத்தால் பாத்திக்கு அடியில் காற்றோடும். கசிவு இருந்தால் கண்ணில் படும். விரிப்பில் ஒரு பக்கமாக வடிதுளை விட்டு, துளையின் வாயில் மட்டும் ஒரு கை தேங்காய் நாரை வைத்து மண் ஒழுகாமல் தடுக்கலாம். துளையிலிருந்து வரும் நீர் தட்டில் நின்றால் டெங்கு பரப்பும் கொசு வளரும். மழைநீர்க் குழாய்க்குப் போகும்படி விட வேண்டும். உப்புநீர் பாய்ச்சுவோர் மழைக்காலத்தில் துளைகளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் உப்பும் கழுவப்படும்.

தரையானாலும் மாடியானாலும் முதல் ஆண்டில் பாத்தி மண் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். அடியில் என்னவோ ஆகிவிட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் முன் சதுர மீட்டருக்கு இரண்டு கூடை மக்கிய தொழு உரத்தை மேலே இட்டுக் கொத்திவிட்டால் போதும்.